கேட்டுக்கு உள்ளே பொது ஜனங்கள்

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை சேரும் யாத்திரிகர், கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்கும் பச்சையைக் கண்டு, அது ஊராருக்கெல்லாம் பொதுவென்றே எண்ணிக்கொள்கிறார். அப்பச்சையில் பெரும் பகுதி தேயிலைக் கம்பெனிகளின் அநுபவத்தில் இருப்பதும், கிளைப் பாதைகள் பலவற்றில் கேட்டும் காவற்காரரும் இருப்பதும் அங்கே குடியிருப்பவருக்கே தெரிந்த விஷயம்.

காடர் முதலிய மலைக்குடிகள் வாழ்ந்த ஆனைமலைக் காட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய வெள்ளைக்காரர்கள் திருத்தித் தோட்டம் போட்டார்கள். கவர்க்கல்லில் மார்ஷுக்குச் சிலையும் இருக்கிறது. மலையேறி வந்து நட்ட கூலிகளுக்கு என்ன இருக்கிறது? லயன் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம், கோயில், பந்தாடும் மைதானம் எல்லாம் எழுந்தது கம்பெனி பூமியில். 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் வைத்தியமும் அளிக்க வேண்டியவர் முதலாளி என்று விதித்தது. மைதானத்துக்கும் நடைபாதைக்கும் உரியவர் யார் என்ற கேள்வியை அது தொடவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு மானேஜருடைய சம்மதம் எளிதில் கிடைத்துவிடும். சம்பள உயர்வுக்காகக் கூட்டம் போட அதே மைதானத்தைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதைத் தொழிற்சங்க ஊழியர்களாகிய நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே சட்ட நுட்பம் ஒன்று உண்டு. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி, இருபது வருஷம் தடையின்றி, உரிமையோடு ஒரு வழியில் நடந்தவருக்கு வழிநடைப் பாத்தியதை உண்டாகும். நிலத்துக்குரியவர் அநுமதி கொடுத்து நடந்தவருக்கோ நூறு வருஷமானாலும் உண்டாகாது. மூன்று தலைமுறை நடந்து தேய்ந்த பாதையும் இன்றைக்குத் தயவுதான்.

அந்தத் தயவு தீரும் நாளில் நடப்பதை மாஞ்சோலையில் கண்டோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 முதல் 2028 வரை 99 வருஷக் குத்தகையில் எடுத்த மலை அது. வால்பாறையில் முடீஸ் தோட்டங்களை நடத்திய பம்பாய் பர்மா கம்பெனியே அதையும் நடத்தியது. 2024-இல் கம்பெனி விலக முற்பட்டபோது, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று வீடுகளைக் காலி செய்ய வேண்டுமென்ற நிலை வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெருவும் கோயில் முற்றமும்கூடத் தங்களுடையவை அல்லவென்று அன்றைக்குத்தான் புலப்பட்டது.

மலை விவகாரம் மலையோடு நிற்கவில்லை. வால்பாறையின் ஜனத்தொகை 2001-இல் ஏறத்தாழ 95,000. 2011-இல் 71,000 அளவு. கீழே இறங்கியவர்களில் பலர் சென்ற கோவையிலும் இப்போது கேட்டுகள் பெருகிவருகின்றன. சரவணம்பட்டியிலும் அவிநாசி ரஸ்தாவிலும் எழும் அடுக்குமாளிகைகளைச் சுற்றிப் புல்தரையும் நடைபாதையும் இருக்கின்றன. வாசலில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட நோட்டுப் புஸ்தகமும் இருக்கிறது. பெரிய மனைகளில் கட்டுவோர் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைப்பது தமிழ்நாட்டுக் கட்டிட விதிகளில் உள்ள ஏற்பாடு. ஏற்பாடு நல்லதே. ஆனால் ஒப்படைத்த நிலத்துக்கு வழி மாளிகையின் வாசலூடே போகுமானால், பத்திரம் நகரசபையிடமும் சாவி காவற்காரரிடமும் இருக்கும். கோவையில் ‘ரிசர்வ் சைட்’டுகள் பலவற்றை ஆக்கிரமித்தவர்களிடமிருந்து மாநகராட்சி மீட்க வேண்டியிருந்ததும் ஊரறிந்தது.

நியூயார்க் நகரம் 1961 முதல், பொது ஜனங்களுக்கு வெளி விடுவோர் கூடுதல் தளம் கட்டலாமென்று விதி செய்தது. 2011-இல் செல்வர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்கள் ஸுக்கோட்டி பார்க்கில் தங்க முடிந்ததற்கு, அந்தத் தனியார் வெளி இரவும் பகலும் திறந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் ஒரு காரணம்; நகரப் பூங்காக்களோ இரவில் மூடப்படுபவை. இரண்டு மாதத்தில் போலீஸார் அவர்களை வெளியேற்றினர். அதே நகரில் ராக்ஃபெல்லர் மாளிகைகளுக்கிடையே ஓடும் தெருவை, ஜனங்களுக்குப் பாத்தியதை ஏற்பட்டுவிடாதிருக்க வருஷத்தில் ஒரு நாள் அடைக்கும் வழக்கம் இருந்து வந்தது. முதலாளிகளின் ஞாபகசக்தியை மெச்சத்தான் வேண்டும்!

வால்பாறை நகரசபை காலதாமதமின்றித் தோட்டந்தோறும் ஒரு ஜாபிதா எடுக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி, சுடுகாட்டுப் பாதை, கோயில் முற்றம், மைதானம் ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு குறித்து, தானப் பத்திரமாகவோ நிரந்தர வழிநடைப் பாத்தியதையாகவோ பதிவு செய்து தரும்படி கம்பெனிகளைக் கேட்கட்டும். தோட்டம் கைமாறிய பின் கேட்பதற்கு ஆள் இராது.