பெரும்பாம்பை மனையில் வளர்த்தல்

மலைவழிச் செல்வோர் விலகிப் போகவேண்டுவனவற்றுள் மாசுணத்தையும் ஒன்றாக மலைபடுகடாம் கூறும். அம்மாசுணத்தை ஒத்த பெரும்பாம்புகளை மனையில் வளர்ப்பாரும், அவற்றைப் பெருக்கி விற்பாரும் இக்காலத்து உளர். அவர் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளுக்குரிய போவா என்னும் நஞ்சிலாப் பாம்பு. அஃது ஈன்று பெருகும் முறையையும், வளர்க்கப் புகுவோர் எண்ணவேண்டுவதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் நாட்டு மலைப்பாம்பு முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிக் கிடந்து அடைகாக்கும். போவாவோ குட்டி ஈனும். நம் மண்ணுளிப் பாம்பும் அவ்வாறே ஈனுவதாம். வளர்ப்போர் சில வாரங்கள் இரவு வெப்பத்தைச் சிறிது குறைப்பர். அக்குளிர்ச்சி இணைவிழைச்சைத் தூண்டும். ஆண்பாம்பு, பண்டைக்கால்களின் எச்சமாக வாலடியில் நிற்கும் சிறு முட்களால் பெண்ணை வருடும். சூல்கொண்ட தாய் வெம்மையான இடத்தை நாடிச் சில மாதங்கள் கிடந்து, 10 முதல் 60 வரை குட்டிகளை ஈனும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுடையது. பிறந்த அன்றே தாயை வேண்டாது தனித்து வாழ வல்லது. ஆணின் துணையின்றியே பெண்போவா ஈனுதலும் அரிதாக உண்டென 2010-இல் அறிஞர் மரபணு ஆராய்ச்சியால் நிறுவினர்.

ஆகவே, பெருக்குதல் அரிய செயலன்று. பெருகியவற்றைப் பேணுதலே அரிது. ஓர் ஈற்றில் 25 குட்டிகள் பிறந்தனவென்று கொள்வோம். போவா நன்கு பேணப்படின் 20 ஆண்டிற்கு மேலும் வாழும். அங்ஙனமாயின், ஓரீற்றால் ஒருவன் தலைமேற்கொள்ளும் கடமை 500 ஆண்டுக் கடமையன்றோ? கைக்குள் அடங்கிய குட்டி சில ஆண்டுகளில் ஆறடிக்கு மேல் வளருங்கால், வாங்கினோர் எத்துணைப்பேர் அதனைக் கைவிடாதிருப்பர்?

இவ்விருவகை மனப்பான்மைக்கும் நம் தாம்பரத்தைச் சூழ்ந்த பகுதியே சான்று. ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் தம் பாம்புப் பண்ணையை முதற்கண் சேலையூரில் நடத்தி, 1972-இல் கிண்டிக்கு மாற்றினார். கண்டவிடத்து அடித்துக் கொல்லப்பட்ட பாம்பை மக்கள் அச்சமின்றி நோக்கி அறிய அது வழிகாட்டியது. அவ்விடத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்திலோ, 2022 ஆகஸ்டில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் மூட்டைகளில் ஒரு குரங்கும் 2 ஆமைகளும் 20 பாம்புகளும் அகப்பட்டன. காற்றும் ஒளியும் காணாது மூட்டையுள் கிடந்த அவ்வுயிர்கள் தாய்லாந்திற்கே திருப்பி அனுப்பப்பட்டன.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து மனையில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகின்றது. பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றையும், அவற்றின் பிறப்பு இறப்புக்களையும் அரசாங்கத்திற்கு அறிவித்துப் பதிவு செய்யவேண்டுமென 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறும். போவாவும் அப்பட்டியலில் அடங்கும்.

பாம்பினை அறிதல் நன்று. அதன்பால் அன்புகொள்ளுதல் அதனினும் நன்று. ஆயினும், ஓருயிரைப் பிறப்பிக்குமுன் அதன் இறுதிநாள்வரை இடமும் இரையும் தர வல்லமோ என்று நம்மை நாமே வினவுதல் எல்லாவற்றினும் நன்று.