எல்லா இலைக்கும் ஒரே கரண்டி

கூட்டாஞ்சோறு ஆக்கும்போது ஒரு வீட்டிலிருந்து அரிசி வரும், இன்னொரு வீட்டிலிருந்து பருப்பு, கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டிலிருந்து காய். கொண்டுவர ஒன்றுமில்லாத பிள்ளை சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பை மூட்டும். சோறு வெந்ததும் எல்லா இலையிலும் ஒரே அளவு விழும். யார் படி நிறைய அரிசி கொண்டுவந்தார்கள், யார் கைப்பிடிப் பருப்போடு வந்தார்கள் என்று பரிமாறும் நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணம் எப்படிச் சேர்கிறது, எப்படிப் பிரிகிறது என்று புரிந்துகொள்ள இந்தச் சமையல் போதும். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கான்ஃபரன்ஸின் அண்டாவில் போடுகிறது; அதுதான் அரிசியும் பருப்பும். தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒப்பந்தம் அடுப்பில் எரியும் தீ. வெந்து வரும் பணம் சோறு. அந்தச் சோற்றின் அளவு இப்போது மலைக்க வைக்கிறது. 2022 ஆகஸ்டில் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். இதில் பெரும்பகுதி கால்பந்துக்காக வருகிறது. அங்கே கால்பந்து என்றால் தலைக்கவசம் அணிந்து, இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்; இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் முழுக்க அதற்கே சொந்தம்.

ஒரு காலத்தில் நாடு முழுமைக்கும் ஒரே அண்டாதான் இருந்தது. 1950களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி விளையாட்டின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் எந்த ஆட்டம் திரையில் வரலாம், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்று முடிவு செய்தது. வீட்டிலேயே பார்க்க முடிந்தால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று நீக்கியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் பைரன் ஒயிட். இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். பணத்தின் இழுப்பு கல்விக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவைக் கெடுத்துவிடும் என்று அவர் அன்றே கவலைப்பட்டார். நாற்பது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, அந்தக் கவலையை எழுதிய கை ஆட்டக்காரரின் கை என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தீர்ப்புக்குப் பின் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் உரிமையைத் தானே விற்கலாம் என்றாயிற்று. ஆனாலும் தனியாக விற்று நிலைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான்: நாடெங்கும் கத்தோலிக்க ரசிகர்களைக் கொண்ட நோட்டர் டேம், 1991 முதல் என்.பி.சி.யோடு. மற்றவை நாளடைவில் கான்ஃபரன்ஸ் வழியே வந்தன. காரணம் எளிது. தொலைக்காட்சிக்கு ஓர் ஆட்டம் போதாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் பகலிலிருந்து நள்ளிரவு வரை நிரப்ப ஆட்டங்கள் வேண்டும். எவ்வளவு பெரிய அணியானாலும் எதிரில் ஒருவர் நின்றால்தான் ஆட்டமே உண்டு. அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டாஞ்சோறு விற்க முடியாது.

தீ எரிய விறகு வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? கேபிள் சந்தாவிலிருந்து. 2007இல் பிக் டென், ஃபாக்ஸோடு சேர்ந்து தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. கான்ஃபரன்ஸின் பல்கலைக்கழகங்கள் உள்ள மாநிலங்களில் ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் மாதம் ஒரு டாலர் அளவுக்கும், தொலைவிலுள்ள மாநிலங்களில் அதில் சிறு பங்கும் வசூல். வீட்டில் யாரும் ஆட்டமே பார்க்காவிட்டாலும் சந்தாவில் அந்தக் காசு போய்விடும். 2014இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும் பிக் டென்னில் சேர்ந்ததை இந்தக் கணக்கு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. ரட்கர்ஸ் கால்பந்தில் பேர்பெற்ற அணி அல்ல. ஆனால் நியூ ஜெர்சியில் இருக்கிறது, நியூயார்க் நகரத்துக் கேபிள் வீடுகளுக்குப் பக்கத்தில். மேரிலாந்தோடு வாஷிங்டனும் பால்டிமோரும் வந்தன. இப்போது கேபிளை விடுபவர்கள் பெருகிவிட்டதால் வீட்டுக் கணக்கின் இடத்தில் பார்வையாளர் கணக்கு வந்திருக்கிறது. நிகழும் நேரத்திலேயே லட்சக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி என்று விளையாட்டு ஒன்றுதான் மிச்சம். விளம்பரதாரர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார். எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் சனிக்கிழமை மதியப் பெரிய ஆட்டத்துக்கு சி.பி.எஸ். ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்துவந்தது. 2024 முதல் அதை எடுத்துக்கொண்ட டிஸ்னியின் ஏ.பி.சி., இ.எஸ்.பி.என். கொடுப்பது ஆண்டுக்கு 30 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின.

கூடைப்பந்துக்கு அடுப்பு வேறு. மார்ச் மாதத்து ஆண்கள் போட்டித்தொடரை இன்றும் என்.சி.ஏ.ஏ.தான் விற்கிறது, சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்களோடு 2032 வரை ஒப்பந்தம். அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ‘யூனிட்’. அதற்கான பணம் ஆறு ஆண்டுகளுக்கு அந்த அணியின் கான்ஃபரன்ஸுக்குப் போகும். சிறிய கல்லூரி ஒன்று எதிர்பாராமல் இரண்டு ஆட்டம் வென்றால் கூட்டாளிகள் எல்லார் இலையிலும் ஆறு வருடம் சோறு. பெண்கள் தொடருக்கு இந்த யூனிட் முறை வந்தது 2025இல்தான்.

இனி கரண்டி. பிக் டென்னிலும் எஸ்.இ.சி.யிலும் நெடுங்காலமாகத் தொலைக்காட்சிப் பணம் சம பங்கு. எஸ்.இ.சி. 2023-24இல் பங்கிட்டது பல்கலைக்கழகத்துக்குச் சராசரியாக 5.25 கோடி டாலர். அலபாமாவுக்கும் அதே கரண்டி, வேண்டர்பில்ட்டுக்கும் அதே கரண்டி. அலபாமா தேசியப் பட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் அணி. வேண்டர்பில்ட் நாஷ்வில் நகரத்துத் தனியார் பல்கலைக்கழகம். படிப்புக்குப் பேர்போனது, கால்பந்தில் நெடுங்காலம் தோற்றே பழகியது. பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது சுள்ளி பொறுக்கி வந்த பிள்ளை. அதற்கு ஏன் சம பங்கு என்ற கேள்வி எப்போதும் எழும்.

2024 அக்டோபர் 5 அன்று அதற்கு மைதானத்தில் பதில் கிடைத்தது. நாட்டின் முதலிட அணியாக வந்த அலபாமாவை வேண்டர்பில்ட் 40-35 என்று வென்றது. இதற்கு முன் அது அலபாமாவை வென்ற ஆண்டு 1984. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி ஊர் நடுவே தூக்கிச் சென்று கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அந்தப் பருவத்தில் ஜனங்கள் அதிகம் பேசிய ஆட்டங்களில் அது ஒன்று. தொலைக்காட்சி விலை கொடுத்து வாங்குவது இந்த எதிர்பாராமையைத்தான் என்று நான் நினைக்கிறேன். பலவீனமான அணிக்கும் பயிற்சியாளரை அமர்த்தவும் உடற்பயிற்சிக் கூடம் கட்டவும் காசு இருந்தால்தான் அது நிகழும். சம கரண்டியைத் தயவு என்று பார்ப்பவர்கள் சோற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கரண்டி அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பிக் 12 கான்ஃபரன்ஸ் இருக்கிறது. அங்கே ஒரு பகுதி சமமாகவும் மறுபகுதி திரையில் எத்தனை முறை வந்தார்கள் என்பதை வைத்தும் பிரிந்தது. போதாக்குறைக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் 2011இல் இ.எஸ்.பி.என்.னோடு தனக்கு மட்டும் ஓர் அலைவரிசை வைத்துக்கொண்டது: இருபது ஆண்டு, 30 கோடி டாலர். 2011, 2012 இரண்டே ஆண்டுகளில் நெப்ராஸ்கா, கொலராடோ, டெக்சஸ் ஏ அண்ட் எம், மிசௌரி நான்கும் எழுந்து போயின. எல்லாரும் பணக் கோபத்தில் மட்டும் போகவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் பக்கத்தில் தனி அடுப்பு மூட்டிய இடத்தில் மற்றவர்கள் நிம்மதியாக உட்கார முடியாது.

எஞ்சியவர்கள் கண்ட வழி, உரிமையை எழுதிக் கொடுப்பது. ஒப்பந்தம் முடியும்வரை என் மைதானத்து ஆட்டங்களின் உரிமை கான்ஃபரன்ஸுடையது, நான் விலகினாலும் அதனுடையதே. உலையில் போட்ட அரிசியைத் திரும்ப அள்ள முடியாது. ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் இப்படி எழுதி வாங்கியிருப்பது 2036 வரை. எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் வேகமாக வளர, ஏ.சி.சி. உறுப்பினர்களான ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் சில மாதம் கழித்தும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் சமாதானம். அதன்படி தொலைக்காட்சிப் பணத்தில் 40 விழுக்காடு சமமாகவும் 60 விழுக்காடு பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தும் பிரியும். இந்த ஏற்பாடு கான்ஃபரன்ஸை உடையாமல் சில ஆண்டு வைத்திருக்கலாம். ஆனால் அரிசியை அளந்து சோறு போடத் தொடங்கிய பிறகு, அதிகம் பெறுபவர் இன்னும் அதிகம் செலவழிப்பார், குறையப் பெறுபவர் மெலிவார், அடுத்த அளவையில் இடைவெளி இன்னும் கூடும்.

மேற்குக் கடற்கரையின் பாக்-12 உடைந்த கதைதான் இதில் என்னை அதிகம் வருத்துவது. 1915இல் தொடங்கிய கூட்டு அது. 2012இல் தன் அலைவரிசையைக் கூட்டாளி இல்லாமல் தானே நடத்தத் துணிந்தது. டைரக்டிவி போன்ற பெரிய விநியோகஸ்தரோடு கடைசிவரை ஒப்பந்தம் அமையவில்லை. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரு பல்கலைக்கழகங்களும், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த கோடையில் கொலராடோ போனது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போயின. ஆரிகனும் வாஷிங்டனும் முழுப் பங்கில் ஏறத்தாழப் பாதிக்கு பிக் டென்னில் சேர்ந்தன. பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி.யில் குறைந்த பங்குக்கு இடம் பிடித்தன. டாலஸின் எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுக்குத் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம், பந்தியில் உட்கார இடம் கொடுத்தால் போதும் என்று அதே ஏ.சி.சி.யில் நுழைந்தது. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் அணைந்த அடுப்பின் முன் நின்றன. அவற்றின் ஊர்களான கோர்வாலிஸும் புல்மனும் சிறியவை, தொலைக்காட்சிக் கணக்கில் எடை குறைந்தவை. பாக்-12 இப்போது புதிய உறுப்பினர்களோடு திரும்பக் கட்டப்படுகிறது. பழைய பக்கத்து ஊர்ப் பகைகள் அதோடு திரும்பி வரவில்லை.

யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரு வளாகங்கள். மூத்த வளாகத்தை அம்போவென்று விட்டுப் போனதற்காக யு.சி.எல்.ஏ. மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் 1 கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆட்சிக்குழு 2024இல் முடிவு செய்தது. இந்த முழு வரலாற்றிலும், பிரிந்து போனவர் விட்டுவந்த இலையைத் திரும்பிப் பார்க்கும்படி செய்த ஒரே முடிவாக இதை மதிக்கிறேன்.

இப்போது ஒரே பிக் டென்னில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் அணிகளுக்கு ரட்கர்ஸ் மைதானம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவு. மூன்று மணி நேர வித்தியாசம். கால்பந்து அணிக்கு வாரம் ஓர் ஆட்டம்தான்; வெளியூர் என்றால் தனி விமானத்தில் போய் வரும். கைப்பந்தும் சாஃப்ட்பாலும் ஆடும் பெண்கள் வகுப்புள்ள வாரநாட்களிலும் பறக்க வேண்டியிருக்கிறது. கால்பந்துக்காக வெந்த சோற்றுக்கு அவர்கள் தூக்கத்தைக் கொடுக்கிறார்கள்.

அடுப்படியில் வெந்த ஆட்டக்காரர்களுக்கே 2025 வரை இந்த அண்டாவிலிருந்து நேரடியாக இலை போடவில்லை. படிப்புச் செலவும் தங்குமிடமும் கிடைக்கும்; 2021 முதல் விளம்பரத்தில் பேரும் முகமும் காட்டி வெளியாரிடம் சம்பாதிக்கலாம். பல்கலைக்கழகமே பங்கு கொடுப்பது அன்று விதிமீறல். ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஏற்ற பிறகு நிலைமை மாறியது. முந்தைய ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டில் 280 கோடி டாலர். இப்போது ஆடுபவர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கிடலாம்.

இதனால் கரண்டிக் கேள்வி பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய பாக்கியைப் பிரிக்கப் போட்ட கணக்கையொட்டிப் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் முக்கால் பங்கைக் கால்பந்துக்கும், 15 விழுக்காட்டை ஆண்கள் கூடைப்பந்துக்கும் ஒதுக்குகின்றன. பெண்கள் கூடைப்பந்துக்கு ஏறத்தாழ 5. மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இன்னொரு 5. சம்பாதிப்பவருக்கு அதிகம் என்பதில் நியாயம் உண்டு, கால்பந்தில் முழங்கால் உடைபவருக்குக் கிடைப்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இங்கேயும் செல்லும் என்றே கருதுகிறேன். சில விளையாட்டு வீராங்கனைகளும் அதையே சொன்னார்கள். சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்த சில நாளிலேயே அவர்கள் மேல்முறையீடு செய்ய, பழைய பாக்கியின் பட்டுவாடா நின்றது.