பாட்டுக்கு அடியில் நிற்பவர்

இசைக்குழு மேடையேறினால் நாங்கள் முதலில் பார்ப்பது பாடகரை. பிறகு லீட் கிற்றார்காரர், கீபோர்ட்காரர், ட்ரம்ஸ் அடிப்பவர். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், நீண்ட கழுத்துள்ள நான்கு தந்திக் கிற்றாரோடு அதிகம் அசையாமல் ஒருவர் நிற்பார். "அவர் என்னத்துக்கு? சும்மா டும் டும் எண்டு தட்டிக்கொண்டு நிக்கிறார்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சாதாரண கிற்றாரின் ஆகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 தடவை அதிரும். பேஸ் கிற்றாரில் அது 41 தடவை. அதாவது, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. முன்பு இந்த வேலையைச் செய்தது ஆளுயர டபிள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதே பெரும் பாடு. ட்ரம்ஸும் மின்கிற்றாரும் சேர்ந்து முழங்கினால் அதன் சத்தம் அமுங்கிப் போய்விடும். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டபிள் பேஸில் இல்லாத கட்டைகள் அதன் கழுத்தில் இருந்தன. விரலை வைத்தால் சுரம் பிசகாது. பிரிசிஷன், அதாவது துல்லியம் என்ற பெயர் வந்தது அதனால்தான்.

பேஸ் கிற்றாருக்கு இரண்டு வேலை. ஒன்று, ட்ரம்ஸ்காரரின் கால் அடிக்கும் பெரிய ட்ரம்மோடு சேர்ந்து தாளத்தைப் பிடித்திருப்பது. மற்றது அவ்வளவாகப் பேசப்படாத வேலை. கீபோர்ட்காரர் சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களையும் ஒன்றாக அழுத்திக்கொண்டு இருக்கிறார் என்று வையுங்கள். பேஸ் சி வாசித்தால் அது தெளிவான, மகிழ்ச்சியான மேஜர் கோர்ட். கீபோர்ட்காரர் கையை எடுக்கவேயில்லை. பேஸ் மட்டும் ஏ சுரத்துக்கு இறங்குகிறது. அதே மூன்று சுரங்களும் உடனே மைனராகி, சோகம் கவிந்துவிடும். கேட்பவருக்கு மனம் கனத்தது தெரியும்; யார் அப்படிச் செய்தார் என்று தெரியாது. அத்திவாரம் என்று பேஸைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த உவமை முழுதாகப் பிடிப்பதில்லை. அத்திவாரம் அசையாது. இது அசையும், அசையும்போது வீடு முழுவதையும் வேறொரு வீடாக்கிவிடும்.

எங்கள் தலைமுறைக்கு இது காதில் விழாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். செய்தி முடிந்தபிறகு கை மாற்றிச் சுற்றி ஒரு பாட்டாவது கேட்போம். ஆனால் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த அதிர்வுகளைத் தள்ள முடியாது. அதற்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சிறிய கடதாசிக் கூம்புக்கு அந்த வலு இல்லை. ஆனாலும் பேஸ் முழுதாக மறைந்துவிடுவதில்லை. 41 அதிர்வுச் சுரத்தோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. மேலேயுள்ள மடங்குகள் மட்டும் வந்தால்கூட, அடியில் இருக்கவேண்டிய சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். இல்லாத ஒன்றை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பல வருடம் கழித்து நல்ல ஹெட்போன் ஒன்றில் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். மனப்பாடமான பாட்டுகள்தான். ஆனால் அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடகரின் மெட்டுக்கு எதிர்த்திசையில் போய், திரும்பி வந்து சேரும் ஒரு தனி மெட்டு. மற்ற வாத்தியங்களைப் போலவே பேஸுக்கும் சுரம் சுரமாக எழுதிக் கொடுப்பவர் அவர்.

இந்தக் கருவிக்குப் பேச்சைக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்து, பதின்ம வயதில் டெட்ரோய்ட் நகருக்கு வந்த கறுப்பின இளைஞர். அங்கே மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம், ஒரு வீட்டோடு சேர்ந்த சிறிய ஸ்ரூடியோவில் பாட்டுகளைப் பதிவுசெய்து உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அறுபதுகளில் அங்கிருந்து வந்த வெற்றிப் பாட்டுகளில் பெரும்பங்குக்குப் பேஸ் வாசித்தவர் இவர்தான். 1962ஆம் ஆண்டு ஃபென்டர் பிரிசிஷன் ஒன்று. வலக்கையில் ஆள்காட்டி விரல் மட்டும். அறுந்தாலொழிய தந்தியை மாற்றுவதில்லை. பழைய தந்தியின் அந்த மழுங்கிய, கனத்த ஒலிதான் அவருடைய அடையாளம். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டு தொடங்கும்போது முதலில் காதில் விழுவது அவர் பேஸ். 'டும்' என்று ஒரே சுரத்தைத் தட்டுவதை விட்டு, சுரங்களுக்கிடையே தாவி, தாளத்துக்கு முன்னும் பின்னும் அடித்து, பேஸை இரண்டாவது பாடகராக்கினார்.

ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. பாடகர்களின் பெயரும் படமும் மட்டும். 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' வெளிவந்தபோதுதான் மோட்டவுன் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகின. ஜேமர்சன் பெயருக்கு முன் 'ஒப்பற்ற' என்று போட்டிருந்தார்கள். உலகம் பத்து வருடமாக அவர் வாசிப்புக்கு ஆடியபிறகு! பெயர் பதியப்படாமல் போவது என்னவென்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. ஜேமர்சனும் பின்னால் போனார். ஆனால் காலமும் ரசனையும் மாறிவிட்டன; குடியும் அவரை வீழ்த்தியது. 1983இல் மோட்டவுனின் 25 ஆண்டு விழா நடந்தது. மைக்கல் ஜாக்சன் மூன்வோக் ஆடிக்காட்டிய அதே விழா. ஜேமர்சன் டிக்கெற் வாங்கிக்கொண்டு போய், பார்வையாளர்களோடு பின்னால் இருந்து பார்த்தார். அந்த ஓகஸ்டில் 47 வயதில் இறந்தார். 2000இல் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

எங்களுக்குப் பழக்கமான பொப் மார்லியின் பாட்டுகளிலும் இதே கதைதான். றெக்கேயில் கிற்றார் சும்மா 'சக் சக்' என்று இடைவெளியை நிரப்பும். மெட்டைச் சுமப்பது பேஸ். அதை வாசித்தவர் அஸ்டன் பாரெட். தம்பி கார்ல்டன் ட்ரம்ஸ். றோயல்ரி கேட்டு லண்டன் நீதிமன்றம்வரை போய், 2006இல் தோற்றார்.

போல் மக்கார்ட்னி பேஸ் எடுத்ததே, 1961இல் பீட்டில்ஸின் பேஸ்காரர் விலகியபோது வேறு யாருக்கும் அது வேண்டாமென்று இருந்ததால்தான். தன்மீது பெரும் தாக்கம் செலுத்தியவர் ஜேமர்சன் என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அந்நாளில் அவர் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் களவுபோனது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, அவரிடமே திரும்பி வந்தது.

ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸும் களவுபோனது, அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன். அது இன்றுவரை கிடைக்கவில்லை.