உப்புக் காற்றில் பழைய கார்

கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அதைப் பராமரிக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்த எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓட்டிக் கழுவாமல் போட்டால் அது நெடுநாள் உழைக்காது என்பது அவருக்குத் தெரியும். எஞ்சினின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தியிருப்பார்கள். உப்புநீர் முதலில் அதைத் தின்னட்டும், எஞ்சினின் உடம்பு பிழைக்கட்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது; கரைந்துபோனால் வேறு போட வேண்டியதுதான். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த எஞ்சின்களைப் பழுதுபார்க்கவே பட்டறைகள் நடத்தி வந்திருக்கிறது. அதே விழிஞ்ஞத்தில், அதே காற்றில், வீட்டு வாசலில் நிற்கும் பன்னிரண்டு வயது ஆல்டோவுக்கு இந்த அறிவில் ஒரு பங்கும் போய்ச் சேருவதில்லை. மேலே பளபளவென்று துடைக்கிறோம்; அடிவயிற்றை மழை கழுவினால் உண்டு. பிறகு வண்டி பழசாகிவிட்டது என்கிறோம். பழைய காரைக் கட்டுப்படியாகும் செலவில் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்கள் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கடலோரத்தில் கவலைப்பட வேண்டியது தகட்டைப் பற்றி. எஞ்சினில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். தகடு உளுத்துவிட்டால் புது எஞ்சின் போட்டும் பயனில்லை.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். உப்பு அந்த வேலையை விரட்டிச் செய்யவைக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அந்த ஈரத்தை மின்சாரம் எளிதாகப் பாயும் கரைசலாக்குகிறது, இரும்பின் மேல் தானாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடால் உடைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. விழிஞ்ஞத்தில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவை வெகு சாதாரணமாகத் தாண்டும். ஆகவே மழையே பெய்யாத மாசி மாதத்திலும் காரின் அடிப்பகுதி இரவெல்லாம் உப்புநீரில் நனைந்தபடிதான் நிற்கிறது. போதாததற்கு, மீன் பெட்டிகளிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் ஓடிய சாலையில் சக்கரம் வாரி இறைப்பதும் சேர்கிறது. ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று திருப்பூரிலும் மற்றது விழிஞ்ஞத்திலும் நின்றால், ஆர்சி இரண்டுக்கும் ஒரே வயதைச் சொல்லும். தகடு அப்படிச் சொல்லாது.

இதற்கான மருந்தில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டைகளின் அடியிலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கழுவி, வெயில் இருக்கும்போதே காயவிட வேண்டும். கழுவுகிற தண்ணீரே உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருந்துவிடக் கூடாது; கடலுக்குப் பக்கத்து வீடுகளில் அது நடக்கிறது. கதவின் அடி ஓரத்தில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. தென்னம்பூவும் மணலும் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகத் தொடங்கும், வெளியே பெயின்ட் குமிழாக எழும்போதுதான் நமக்குத் தெரியும். ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டால் தீர்ந்தது. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் கால்மிதிக்குக் கீழே தரைத்தகடு ஊறும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காதவரை அதுவும் கண்ணில் படாது. இன்னொன்று, கார் கவர். வெயிலுக்கு நல்லதென்று மலிவான பிளாஸ்டிக் கவரை ஈரக் காரின் மேல் போர்த்தினால் ஆவி வெளியேறாமல் துருவுக்கே வசதியாகிவிடும். அண்டர்கோட்டிங் அடிப்பதும் அப்படித்தான். சுத்தமான, காய்ந்த தகட்டில் அடித்தால் பல மழைக்காலங்களுக்குப் பயன் தரும்; துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கருப்பாகப் பூசிவிட்டால் உள்ளே நடப்பதை மறைக்க மட்டும் உதவும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், அடிப்பகுதி புத்தம் புதிய கருப்பில் மின்னினால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்படலாம்.

தகட்டுக்கு அடுத்து திரவங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 3 வகைப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்குகிறது. பொன்முடி மலைப்பாதையில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும்: ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றும் செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. கூலண்ட் விஷயத்திலும் அதே கதைதான். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம் ஊர்களில் பழைய பழக்கம். உவர்நீரானால் அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டரை அடைக்கும். எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்தால் ஒரு கேன் கூலண்டின் விலை பல மடங்காகத் திரும்பி வரும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அந்த ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய கார்தானே என்று பத்து வருடப் பெல்ட்டோடு ஓட்டுவது மிச்சம் பிடிப்பதில் சேராது. மாருதியின் பிற்காலக் கே வரிசை எஞ்சின்களில் செயின் இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

கடலோரக் காருக்கே உரிய நோய் ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். உடனே ஹெட்லைட் மங்கும், ஸ்டார்ட்டர் முனகும், டேஷ்போர்டில் தேவையில்லாத விளக்குகள் எரியும். சென்சார் போய்விட்டது, கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது என்று பெரிய தொகை பேசப்படுவது இந்த இடத்தில்தான். எர்த் முனைகளை எல்லாம் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவி இறுக்கிய பிறகும் கோளாறு இருந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போவது நல்லது. பொதுவாகவே பழைய காரில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு, உறுதி செய்யாத நோய்க்கு மாற்றிய பாகங்களுக்குப் போனதாக இருக்கும். ஊகித்து மாற்றும் ஒர்க்‌ஷாப்பைவிட, சோதனைக்குத் தனியாகக் கூலி வாங்கினாலும் காரணத்தைக் காட்டும் மெக்கானிக் மலிவு.

கணக்கைப் பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். ஆண்டுக்கு 1,24,000 ரூபாய்க்கு மேல். மொத்த வட்டி மட்டும் 1,20,000 ரூபாயைத் தாண்டும். பழைய சிறிய காருக்கு ஒரே ஆண்டில் கிளட்ச் செட்டும் நான்கு டயரும் பேட்டரியும் சேர்ந்து வந்தாலும் அந்தத் தொகையை எட்டுவது கடினம். அவை எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் வருவதுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதமானது. அதற்குமுன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். அதே நாளில் புதிய சிறிய கார்களுக்கும் வரி குறைந்தது உண்மைதான், ஆனால் தவணைக் கணக்கை அது தலைகீழாக்கிவிடவில்லை. இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு ஒன்று: வண்டியின் சந்தை விலையே எண்பதாயிரம், அதில் நாற்பதாயிரம் போடுவது முட்டாள்தனம் இல்லையா? விற்கப் போகிறவருக்கு அது சரியான கேள்வி. ஓட்டப் போகிறவர் கேட்க வேண்டியது, இந்த நாற்பதாயிரம் எத்தனை மாதம் ஓட்டத்தை வாங்கித் தருகிறது என்பது. இரண்டு ஆண்டு என்றால் மாதத்துக்கு 1,700 ரூபாய்கூட ஆகவில்லை.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்; ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில்; முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய மலிவு மாடல்கள் பலவற்றில் இவை எதுவும் கிடையாது, எந்த மெக்கானிக்காலும் சேர்க்கவும் முடியாது. நாள்தோறும் தேசிய நெடுஞ்சாலை 66இன் பைபாஸில், துறைமுகப் பணிக்கான கனரக வண்டிகளுக்கு நடுவே, வேகமாகப் போய் வர வேண்டியவருக்குப் பழைய கார் சரியான தேர்வு என்று சொல்ல மாட்டேன். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் பாலராமபுரத்துக்கும் போய்வரும் வண்டிக்குக் கணக்கு வேறு. அங்கே மாற்றாக நிற்பது பெரும்பாலும் புதிய கார் இல்லை, நான்கு பேர் ஏறிய ஸ்கூட்டர். ஆனால் செலவைக் குறைக்கும்போது டயர், பிரேக், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. டூப்ளிகேட் பாகம் கதவுக் கைப்பிடியில் இருக்கலாம், பிரேக் பேடில் வேண்டாம்.

புகையைப் பற்றிய வாதமும் ஓரளவு நியாயமே. நாடு முழுவதும் பிஎஸ்4 விதி 2017 ஏப்ரலிலும் பிஎஸ்6 2020 ஏப்ரலிலும் வந்தன. பழைய எஞ்சின் அந்த அளவுக்குச் சுத்தமாக ஓடாது. ஆயினும் குறைந்த தூரம் ஓடும் ஒரு காரை உடைத்துவிட்டுப் புதியது செய்ய ஆகும் எஃகும் மின்சாரமும் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஒழுங்காக வேலை செய்யும் பழைய கார் ஒன்று, சான்றிதழுக்காக மட்டும் புகைச் சோதனைக்குப் போகும் கார் வேறொன்று. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் புதிய தலைவலி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களே அதற்கேற்ற பொருட்களால் ஆனவை. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் காலப்போக்கில் கெடுக்கும். அளவுக்கு அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஆற்றலே தரும் என்பதால் மைலேஜும் சற்று இறங்கும். பெட்ரோல் குழாய்களை ஒருமுறை புதிதாக மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடாமல் ஓட்டுவதே இப்போதைக்குக் கையிலிருக்கும் வழி.

பதினைந்து ஆண்டு முடிந்தால் தனியார் காரின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் கொண்டுவரப்பட்டதைப் போல வயதை மட்டும் வைத்து விலக்கும் தடை கேரளத்தில் இல்லை, ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிகளின் வரியைக் கேரளமும் 2025-26 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. இந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு காரை லிஃப்டில் ஏற்றி, ஷாக் அப்சார்பர் பாடியில் பிடிக்கும் இடம், லோயர் ஆர்ம் மாட்டும் இடம், கதவுக்குக் கீழ்ப் பட்டை, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் தரை ஆகிய நான்கு இடங்களில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கணீரென்றால் கட்டலாம். மொத்தென்று சத்தம் வந்து பொடி உதிர்ந்தால் வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஆய்வுக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிட வேண்டும். மோதலைத் தாங்க வேண்டிய எலும்பு அங்கே இல்லை. பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் கிடைக்கும் சான்றிதழுக்கு, அடுத்த சொந்தக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடம் தருகின்றன. காயலான் கடையில் எடைக்குப் போட்டால் ஆர்சியை ரத்து செய்யும் வேலை நம் தலையில் நிற்கும். எப்படிப் போனாலும், அந்தக் கடலோரக் காரில் கடைசியாக ஒருமுறை சாவியைத் திருகிப் பார்த்தால் எஞ்சின் பெரும்பாலும் ஒரே திருகில் கிளம்பும்.