வரவேற்பு விருந்துக்கு உணவு வண்டிகள்: சில கணக்குகள், சில கவனங்கள்

தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களின் திருமணங்களில் ஒரு வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. காலையில் முகூர்த்தமும் வாழையிலைச் சாப்பாடும், மாலையில் ரிசப்ஷன். காலையில் வருபவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். மாலையில் வருபவர்கள் அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார், பிள்ளைகளின் கல்லூரித் தோழர்கள். இவர்களில் பஞ்சாபியர், வங்காளியர், மலையாளிகள் என எல்லோரும் உண்டு. இவர்களுக்காக ஷாமியானாவின் ஓரத்தில் சாட், கோல்கப்பா, டிக்கி கடைகளைப் போடுவது நமக்கும் பழகிப்போன ஒன்றுதான்.

இப்போது பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். "பெரிய கேட்டரிங் எதற்கு? நான்கு ஃபுட் டிரக்குகளை வரவழைத்துவிடலாம்" என்கிறார்கள். பெற்றோருக்குத் தயக்கம். பாட்டிக்கோ அதிர்ச்சி! கல்யாண வீட்டில் தெருவண்டிச் சாப்பாடா என்று கேட்கிறார். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, எங்கே சிக்கல் வரும், எதை முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உணவு வண்டி என்பது என்ன?

சமையலறையைச் சக்கரத்தின் மேல் ஏற்றுவது புதிய யோசனை அல்ல. 1866-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பகுதியில் சார்லஸ் குட்நைட் என்பவர், மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் ஆட்களுக்காக ஒரு பழைய ராணுவ வண்டியைச் சமையல் வண்டியாக மாற்றினார். 2008-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ராய் சோய் என்ற சமையற்கலைஞர் தம் நண்பர்களுடன் தொடங்கிய கோகி வண்டி, இந்தத் தொழிலுக்கு ஒரு புதிய மவுசைத் தேடித் தந்தது. அதன் பிறகு நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இவை பரவின.

நம் ஊர்களில் இவற்றுள் பல, டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகளை மாற்றி அமைத்தவை. உள்ளே அடுப்பு, தோசைக்கல் அல்லது எண்ணெய்ச் சட்டி, சிறு குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருக்கும். இரண்டு அல்லது மூன்று பேர் நின்று வேலை செய்யலாம். வண்டியின் அழகும் அதுதான், அதன் எல்லையும் அதுதான்.

முதற்கணக்கு: நிமிடத்துக்கு எத்தனை தட்டு?

பந்தியில் ஒரே நேரத்தில் 100 பேர் உட்காருகிறார்கள். 100 பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு எழுகிறார்கள். பஃபே மேசையில் இரு பக்கமும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டியிலோ ஒரு ஜன்னல், ஒரு கல், இரண்டு கைகள். தட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். எனவே எந்தெந்த உணவு என்று கேட்பதற்கு முன், எவ்வளவு வேகம் என்று கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 300 விருந்தினர்கள். ஒவ்வொருவரும் சிறு தட்டுகளாக மூன்று உணவுகளைச் சுவைப்பதாகக் கொண்டால் 900 தட்டுகள் தேவை. அழைப்பிதழில் 7 மணி முதல் 10 மணி வரை என்று போட்டாலும், கூட்டம் உண்மையில் சாப்பிடுவது சுமார் இரண்டு மணி நேரந்தான். அதாவது 120 நிமிடங்களில் 900 தட்டுகள். நிமிடத்துக்கு ஏழரைத் தட்டு.

தோசை, பாவ் பாஜி, நூடுல்ஸ் என்று கேட்டபின் செய்து தரும் வண்டி, நிமிடத்துக்கு ஒரு தட்டு தருவதாக வைத்துக்கொள்வோம். நான்கு வண்டிகளும் இதே வகையானால் நிமிடத்துக்கு 4 தட்டு. 900 தட்டுகள் முடிய 225 நிமிடம், அதாவது மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பாதிப் பேர் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பசியோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அதே நான்கு வண்டிகளில் இரண்டை மட்டும் மாற்றுங்கள். பிசிபேளா, சோலே-குல்ச்சா, புலவு, தயிர்சாதம் போல முன்பே தயாராக இருந்து, எடுத்துப் பரிமாற மட்டுமே வேண்டியவை அந்த இரண்டில் இருக்கட்டும். இவை ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 3 தட்டு தரும். இப்போது மொத்தம் 8 தட்டு. இரண்டு மணி நேரத்துக்குள் 900 தட்டும் முடிந்துவிடும். வண்டிகளின் எண்ணிக்கை கூடவில்லை. சேர்க்கை மட்டுமே மாறியிருக்கிறது.

ஒரு வண்டியின் உண்மையான வேகத்தை அறிய எளிய வழி உண்டு. அது வழக்கமாக நிற்கும் இடத்துக்கு, கூட்டம் உள்ள ஒரு மாலையில் செல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் எத்தனை தட்டு வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். அப்படியே ருசியும் பார்த்துவிடலாம். உரிமையாளர் சொல்லும் எண்ணைவிட இது நம்பகமானது.

இடமும் வழியும்

டாடா ஏஸ் வகை வண்டி சுமார் 3.8 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்டது. பக்கவாட்டுக் கதவு திறந்து நிற்கவும், எதிரே வரிசை நிற்கவும், பின்னால் சிலிண்டர் மாற்றவும் இடம் விட வேண்டும். பெரிய வண்டிகளுக்கு மண்டப வாயிலின் உயரத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து பார்த்துவிடுவது நல்லது. அலங்கார வளைவு கட்டிய பிறகு வாயிலின் உயரம் குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தரை சமமாக இருக்க வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் தோசைக்கல்லின் எண்ணெயும் மாவும் ஒரு பக்கமாக ஓடும். புல்வெளியானால், இரண்டு நாள் முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரப் புல்லில் சக்கரம் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

தில்லியில் சரக்கு வாகனங்கள் பல சாலைகளில் காலை, மாலை நெரிசல் நேரங்களில் வர முடியாது. ஆகவே 7 மணி விருந்துக்கு வண்டிகள் பிற்பகலிலேயே வந்து நின்றுவிட வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு சிறப்புக் கவனம்

வடநாட்டில் கார்த்திகை மாதத்து ஏகாதசிக்குப் பின் கல்யாண சீஸன் தொடங்குகிறது. நமக்கு மார்கழி போய்த் தை பிறந்தால் முகூர்த்தங்கள். இரண்டும் விழுவது காற்று மாசு மிகுந்த மாதங்களில். மாசு அளவு உயர உயர, க்ராப் எனப்படும் படிநிலைக் கட்டுப்பாடுகள் தலைநகர் வட்டாரம் முழுவதும் நடைமுறைக்கு வருகின்றன. உணவகங்களிலும் திறந்தவெளிக் கடைகளிலும் கரி, விறகுத் தந்தூருக்குத் தடை, டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடு, நிலைமை மோசமானால் பழைய வகை வாகனங்கள் ஓடவே தடை என்று இவை கடுமையாகிக்கொண்டே போகும்.

குருகிராமிலிருந்தோ நொய்டாவிலிருந்தோ வர வேண்டிய பழைய டீசல் வண்டி, திருமணத்தன்று எல்லையிலேயே நிறுத்தப்படலாம். எனவே வண்டி எந்த எரிபொருளில் ஓடுகிறது, பாரத் ஸ்டேஜ் எந்த நிலை என்பதைப் பதிவுச் சான்றிதழைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். சி.என்.ஜி. அல்லது பி.எஸ். 6 வண்டியானால் கவலை குறைவு. மின்சாரத்தை மண்டபத்திலிருந்தே கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். மின்சார எண்ணெய்ச் சட்டி ஒன்றே 3 கிலோவாட் வரை இழுக்கக்கூடும். 15 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்கும் சுமை ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு வண்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் மேடை விளக்கும் சேர்ந்து அணையும்.

சுத்தமும் பாதுகாப்பும்

பாட்டியின் கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். தெருவண்டி என்பதால் எதுவும் அசுத்தமாகிவிடாது. பெரிய கேட்டரிங் என்பதால் சுத்தமாகிவிடவும் செய்யாது. பார்க்க வேண்டியவை சில உண்டு.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு அல்லது உரிம எண் வண்டியில் இருக்கிறதா? அடுப்புக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் வைத்திருக்கிறார்களா, அல்லது வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரா? பின்னது சட்டவிரோதம். தீயணைப்புக் கருவி உள்ளதா? ரப்பர் குழாய் வெடிப்பின்றி இருக்கிறதா?

சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டுக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வைகாசி முகூர்த்தமானால் தேங்காய்ச் சட்டினி, தயிர், பன்னீர் மூன்றிலும் கண் இருக்கட்டும். சட்டினியைச் சிறு சிறு அளவாக அரைத்து, குளிரில் வைத்து எடுக்கச் சொல்வதே நல்லது. கோல்கப்பாத் தண்ணீருக்கும் பானங்களுக்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்தச் சொல்லி, கேன்களை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். உணவுக்கு உதவாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. பானத்துக்கு நீலம் கலந்த ஐஸ் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சைவம், அசைவம் இரண்டும் உண்டு என்றால் வண்டிகளே தனித்தனியாக இருக்கட்டும். ஒரே கல்லில் ஆம்லெட்டும் ஊத்தப்பமும் வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கென ஓர் உணவாவது இருந்து, அதற்குப் பெயர்ப்பலகையும் இருந்தால் பெரியவர்கள் கேட்டுக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரா ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. பாக்கு மட்டைத் தட்டுகள் நமக்குப் பழகியவை, பார்க்கவும் அழகு.

எழுத்தில் இருக்க வேண்டியவை

சில வண்டிக்காரர்கள் தட்டுக் கணக்கில் பணம் கேட்பார்கள். சிலர் மணிக் கணக்கில். சிலர் ஒட்டுமொத்தத் தொகையாக. எப்படியானாலும் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: குறைந்தபட்சம் எத்தனை தட்டு, ஒரு தட்டின் அளவு என்ன, வந்து சேரும் நேரம், பரிமாறத் தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரம், கூடுதல் நேரத்துக்குக் கட்டணம், ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா, கழிவு நீரும் குப்பையும் யார் பொறுப்பு, வண்டி பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன.

செலவு குறையும் என்று மட்டும் எண்ணி இதில் இறங்க வேண்டாம். மேசை, நாற்காலி, தண்ணீர், குப்பைத் தொட்டி, தட்டு எடுக்கும் ஆட்கள் ஆகியவற்றைக் கேட்டரிங்காரர் தம் கணக்கிலேயே கொண்டுவருவார். வண்டிகளை அழைத்தால் இவை அனைத்தும் நம் தலையில் விழும். டென்ட் ஹவுஸிடம் தனியாகப் பேச வேண்டும்.

பந்தி விசாரிப்பு

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. பந்தியில் வீட்டுப் பெரியவர் ஒருவர் இலைகளுக்கு நடுவே நடந்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் போடுங்கள், அவருக்கு ரசம் வரவில்லை" என்று பார்த்துப் பார்த்து விசாரிப்பார். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். வண்டியின் ஜன்னலுக்கு அது தெரியாது. வரிசையில் நிற்கத் தெம்புள்ளவர்களுக்கு அது கொடுக்கும். மூட்டு வலியோடு ஓரமாய் உட்கார்ந்திருக்கும் மாமி அதன் கண்ணில் படமாட்டார்.

ஆகவே குடும்பத்தில் இரண்டு மூன்று பேரை இந்த வேலைக்கென்றே நியமித்துவிடுங்கள். அவர்கள் புகைப்படத்துக்கு நிற்க வேண்டாம்; கூட்டத்தில் நடந்து, சாப்பிடாதவர்களைத் தேடட்டும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும், குளிர் படாத உட்புறத்தில் 40 நாற்காலிகளும் மேசைகளும் போட்டு, உணவை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வையுங்கள். முடியுமானால் அந்த 40 பேருக்கு மட்டும் இலை போட்டுவிடலாம். பாட்டியின் மனமும் குளிரும்.

நாதஸ்வரக்காரர், புகைப்படக்காரர், விருந்தினர்களின் ஓட்டுநர்கள் ஆகியோருக்கு எப்போது, எந்த வண்டியில் சாப்பாடு என்று முன்பே சொல்லிவிடுங்கள். மேடையில் கடைசி வரை நிற்கும் மணமக்களுக்கும் இரு வீட்டுப் பெற்றோருக்கும் வண்டிகள் அடுப்பை அணைப்பதற்கு முன் தட்டுகளை எடுத்து வைப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். பல கல்யாணங்களில் பெண்ணைப் பெற்றவர்கள்தாம் பட்டினியாக வீடு திரும்புகிறார்கள்!

பிள்ளைகளின் ஆசைப்படி வண்டிகள் வரட்டும். விசாரிப்பு நம்முடையதாக இருக்கட்டும்.