முட்டை கம்மி, ஆனா குளம் முழுக்க ஜிலேபி

ஜிலேபி மீன் வறுவல் சாப்பிட்டிருப்பீங்க. அது நம்ம ஊர் மீனே இல்லைன்னு தெரியுமா? இன்ஜினியரிங் காலேஜ் இதழ்ல மீன் எதுக்குன்னு கேட்காதீங்க, இதுவும் ஒரு ஆப்டிமைசேஷன் கணக்குதான்.

முழுப்பெயர் மொசாம்பிக் திலேப்பியா. பூர்வீகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. குளத்தில் வளர்த்தால் மலிவாகப் புரதம் கிடைக்கும் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று குற்றாலத்தில் அருவியாக விழுந்து தென்காசி வழியாக ஓடும் சிற்றாற்றுப் பக்கத்துக் குளங்களிலும் இதுதான் குடியிருக்கிறது. உலகின் மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. வேடிக்கை என்னன்னா, சொந்த ஊரில் இது அழியும் அபாயத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுவிட்ட நைல் திலேப்பியா இதோடு கலந்து கலப்பினமாக்கிக்கொண்டிருக்கிறது.

ரோகு கெண்டை ஒரு கிலோ எடைக்கு 2 லட்சம் முட்டைக்கு மேல் போடும். ஜிலேபி ஒரு தடவைக்குச் சில நூறு, பெரிய தாய் என்றால் ஆயிரத்துச் சொச்சம். அப்புறம் எப்படி ஜெயிக்குது?

ஆண் மீன் குளத்தடியில் கிண்ணம் மாதிரி குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் விந்தணுக்களையும் வாயாலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆணோட வேலை அதோட முடிஞ்சுது, அடுத்த பெண்ணைத் தேடப் போயிடும். 3 முதல் 5 நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் இரண்டு வாரம் வரை வாய்க்குள்ளேதான். வெளியே விட்ட பிறகும் ஆபத்து என்றால் மறுபடி அம்மா வாய்க்குள் ஓடிவிடும். அத்தனை நாளும் அம்மா கிட்டத்தட்ட பட்டினி.

ரோகு மழை வெள்ளத்துக்காகக் காத்திருக்கும். ஜிலேபிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஈடு தயார்.

இதைவிட எனக்குப் பெரிசாத் தெரியிறது வயசு விஷயம். வசதியான தண்ணீரில் அரையடி வளர்ந்துதான் பருவத்துக்கு வரும். குளம் வற்றி நெருக்கடி ஆனால், வளர்வதை நிறுத்திவிட்டு 2, 3 மாதத்திலேயே, விரல் நீளம் இருக்கும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். கோடையில் சுருங்கும் நம்ம பக்கத்துக் குளங்கள் இதற்கு ரொம்பத் தோது. பெரிய மீன்களை மட்டும் வலை போட்டு எடுத்தால் பிரயோஜனமில்லை, கண்ணி வழியாக நழுவும் பொடிகளே தாய்தான்.

குளம் நிறைஞ்சு மறுகால் பாயும்போது இவை ஆற்றுக்குப் போகின்றன. சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணியில், உலகில் வேறெங்கும் இல்லாத, அந்த ஆற்றின் பெயரையே தாங்கிய டாகின்சியா தாம்பிரபர்ணியை என்ற சின்ன கெண்டை இருக்கிறது. அது முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும், காவல் கிடையாது. ஜிலேபியோ மற்ற மீன்களின் முட்டையையும் விட்டுவைக்காது.

ஜிலேபிப் பொடிகளைத் தின்று கட்டுப்படுத்தக்கூடிய உள்ளூர் மீன் விரால். ஆனா விராலுக்குத்தான் சந்தையில நல்ல விலை, குளத்துல முதல்ல பிடிபடுறதும் அதுதான்.