பூனைக்கு 600 ரூபாய்க்கு ட்ரே வாங்கி 27,000 ரூபாய் விட்ட கதை

எஸ்ஐபி, டெர்ம் இன்ஷூரன்ஸ், பிஎஃப்னு பேசிட்டு இருந்த பக்கத்துல திடீர்னு பூனையோட டாய்லெட் ட்ரே பத்தியான்னு சிரிக்காதீங்க. இதுவும் பணக் கணக்குதான். நான் தப்பாப் போட்ட கணக்கு.

என் ஃப்ரெண்ட் ஆன்சைட் கிளம்பினப்போ அவனோட மெய்ன் கூன் பூனையை என்கிட்ட விட்டுட்டுப் போனான். நாலு வயசு ஆண் பூனை, ஏழரை கிலோ. பேரு குண்டு. கடையில "பெரிய சைஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ட்ரே ஒண்ணை 600 ரூபாய்க்கு வாங்கினேன். குண்டு ஒழுங்காத்தான் அதுக்குள்ள போனான். ஆனா முன்னங்கால் ரெண்டும் உள்ளே, பின்பக்கம் விளிம்புக்கு வெளியே! மூத்திரம் மொத்தமும் பக்கத்துல இருந்த பிளைவுட் அலமாரிக்கு அடியில போயிருக்கு. எனக்குத் தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அவனுக்கு அந்த ட்ரே வெறுத்துப்போய், என் மெத்தையைத் தேர்ந்தெடுத்துட்டான். மெத்தை 9,000. வீடு காலி பண்ணும்போது ஊறிப்போன அலமாரிக்காக ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கழிச்சது 18,000. அவர் மேல கோபப்பட முடியல, அலமாரியைத் தொட்டாலே பிளைவுட் உதிர்ந்துச்சு.

பிரச்னை பூனைகிட்ட இல்ல, அளவுல. மெய்ன் கூன், ராக்டால், நார்வீஜியன் ஃபாரஸ்ட் மாதிரி பெரிய ரகங்கள் நாம தெருவுல பார்க்கிற பூனை மாதிரி கிடையாது. நல்லா வளர்ந்த ஆண் மெய்ன் கூன் சாதாரணமா 6 முதல் 8 கிலோ வரும். இத்தாலியைச் சேர்ந்த பாரிவெல்ங்கிற மெய்ன் கூன், 2018-ல அப்போ உயிரோட இருந்த வீட்டுப் பூனைகள்லயே நீளமானவன்னு கின்னஸ்ல இடம் பிடிச்சான். மூக்கு நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் 120 செ.மீ! இன்னொரு விஷயம், இந்த ரகம் முழுசா வளர மூணு நாலு வருஷம் ஆகும். ஒரு வயசுல அளந்து வாங்கின ட்ரே மூணு வயசுல பத்தாது.

அப்போ எப்படி அளக்கிறது? மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் டேப் வைங்க. வாலைச் சேர்க்க வேண்டாம். அதை ஒன்றரையால பெருக்குங்க. குண்டு 56 செ.மீ. இருந்தான், அப்போ ட்ரேயோட நீளம் 84 செ.மீ. வேணும். நான் வாங்கின "பெரிய" ட்ரே 45 செ.மீ.தான். உள்ளே போய், திரும்பி, தோண்டி, உட்கார்ந்து, மூடிட்டு வர அவனுக்கு இடம் வேணும் இல்லையா? பஸ் டாய்லெட்டுக்குள்ள சூட்கேஸோட நுழைஞ்ச மாதிரி இருந்திருக்கும் பாவம்.

இந்த அளவுல ட்ரே பெட் ஷாப்ல கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலை தீட்டிடுவாங்க. நேரா பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போங்க. துணி அடுக்கி வைக்கிற பெரிய ஸ்டோரேஜ் பாக்ஸ் இருக்கு பாருங்க, அதுதான் நமக்கு வேணும். நான் வாங்கினது 80-க்கு 50 செ.மீ., சுவர் 30 செ.மீ. உயரம், 1,200 ரூபாய். 84-க்கு நாலு செ.மீ. குறைச்சல்தான், ஆனா அகலம் தாராளமா இருந்ததால அவன் குறை சொல்லல. மூடியைத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு பக்கம் மட்டும் தரையில இருந்து 15 செ.மீ. உயரத்துல வாசல் மாதிரி ஆக்ஸா பிளேடால வெட்டினேன். வெட்டின விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மறக்காதீங்க, கால்ல கீறும். மத்த மூணு பக்கமும் உயரமாவே இருக்கட்டும். பெரிய பூனைங்க பாதி நின்னுட்டே மூத்திரம் போகும், தாழ்வான சுவர் இருந்தா வெளியேதான் தெறிக்கும். மெய்ன் கூனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர்ற வாய்ப்பு மத்த ரகங்களைவிட அதிகம். அதனால வயசாகிட்டா வாசலை இன்னும் இறக்கி வெட்டிடுங்க.

கூரை வச்ச மூடி ட்ரே பார்க்க அழகா இருக்கும். எனக்குப் பிடிக்கல. நாத்தம் உள்ளேயே அடைஞ்சு நிக்கும், நமக்குத் தெரியாததால சுத்தம் பண்றதையும் தள்ளிப்போடுவோம்.

இப்போ முக்கியமான கேள்வி. "ட்ரே பெருசானா மணல் செலவும் ஏறுமே?" பாதி உண்மை. நாம வாங்குற கேட் லிட்டர் பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகும், அதை மட்டும் அள்ளிப் போடுறோம். ட்ரே பெருசா இருக்குங்கிறதுக்காகப் பூனை கூடுதலா மூத்திரம் போகப் போறதில்ல. அதனால மாசாமாசம் சேர்க்கிற மணல் கிட்டத்தட்ட அதே அளவுதான். முதல் தடவை நிரப்புறதுதான் அதிகம். 80-க்கு 50, ஆழம் 6 செ.மீ. வச்சா 24 லிட்டர், கிட்டத்தட்ட 22 கிலோ. கிலோ 50 ரூபாய்னு வச்சுக்கிட்டா 1,100. வீட்டு அட்வான்ஸும் வாடகையும் மாதிரின்னு வச்சுக்கோங்க, முதல் நிரப்பு அட்வான்ஸ். அதுக்கப்புறம் எங்க வீட்டுல மாசம் 9 கிலோ, அதாவது 450 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை முழுசா மாத்துறேன், அது மாசக் கணக்குல 550. ஆக மாசம் 1,000, வருஷம் 12,000. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்க. பூனை வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, பூனையோட விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த மாசச் செலவைப் பட்ஜெட்ல எழுதிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. அள்ளின மணலை டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணாதீங்க. பெண்டோனைட் தண்ணி பட்டா ஊதிக்கும், பைப் அடைச்சா பிளம்பர் செலவு தனி. அதே காரணத்துக்காக நம்ம ஊர் ஈர பாத்ரூம்ல ட்ரேயை வைக்காதீங்க, தரையெல்லாம் சேறாயிடும்.

தானா சுத்தம் பண்ற ஆட்டோமேட்டிக் மெஷின் 30,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ-ல மாசம் 2,500தானேன்னு தோணும். ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கும், கிரெடிட் கார்டுன்னா வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டியும் வரும். அதையும் விடுங்க, பல மெஷினோட உருளை சின்ன பூனைக்கான அளவு. உள் அளவைக் கேட்காம வாங்கினா என் 600 ரூபாய் கதையேதான், விலை மட்டும் அம்பது மடங்கு ஆகியிருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஆண் பூனை அடிக்கடி ட்ரேக்குப் போய், முக்கி முக்கி, மூத்திரம் வராம திரும்புதுன்னா அது ட்ரே பிரச்னை இல்ல. மூத்திரக் குழாய் அடைப்பா இருக்கலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். அன்னைக்கே, ராத்திரி ஆனாலும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. மெத்தையில போறதுக்கும் முதல்ல உடம்பைக் காட்டிட்டு அப்புறம் ட்ரேயைச் சந்தேகப்படுங்க. நான் அப்படித்தான் போனேன். டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி, "ட்ரே எவ்வளவு நீளம்?" (அந்த ஃபீஸை 27,000-ல சேர்க்கல.) எமர்ஜென்சி ஃபண்ட்ல பூனைக்குன்னு ஒரு தொகை தனியா இருக்கட்டும்.

புது பாக்ஸ் வாங்கினதும் பழைய ட்ரேயை உடனே எடுத்துடாதீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பழைய மணல் கொஞ்சம் புதுசுலயும் போட்டு, அதே பிராண்டையே தொடருங்க. தினம் ரெண்டு வேளை அள்ளுங்க. குண்டு அஞ்சாவது நாள் புதுசுக்கு மாறிட்டான். பழைய ட்ரேல இப்போ கொத்தமல்லி போட்டிருக்கேன்.